பதினாறு கிழங்கிலும் ஊற்றியவள் நான்தான்

எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்போது லேப் உதவியாளராக இருக்கும் பெண் போன வாரம் போன் செய்தாள். இனிமேல் பாட்டனி பிராக்டிகலில் பாதியைக் கம்ப்யூட்டரிலேயே காட்டிவிடப் போகிறார்களாம். திரையில் ஒரு உருளைக்கிழங்கு வருமாம். பட்டனைத் தட்டினால் அதற்குள் தண்ணீர் மேலே ஏறுமாம். “அநியாயம் இல்லீங்களா அக்கா? உங்க காலத்துல எல்லாம் நெசமாச் செஞ்சீங்க. அதைப் பத்தி எழுதுங்க, பள்ளிக்கூட மலர்ல போடலாம்” என்றாள்.

நெசமாகச் செய்யவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷம் அந்தப் பட்டனாக இருந்தவள் நான்தான். மலரில் போடுவதானால் இதைப் போடட்டும்.

வேலையில் சேர்ந்தது தொண்ணூற்றொன்றில். துடியலூர் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த பள்ளிக்கூடம். என் அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கியவர்கள். எங்கள் தெருவில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் பொம்பளை நான். பயிற்சி என்று எதுவும் கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவர் ஓய்வு பெற்ற அன்று மத்தியானம் அரை மணி நேரம் லேப்பைச் சுற்றிக் காட்டினார். “இது ஆசிட், தொடாதீங்க. இது பாட்டில்ல இருக்கற பாம்பு, தொட்டாலும் ஒண்ணும் பண்ணாது. அது பாட்டனி சார், எதுத்துப் பேசாதீங்க.” சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பீக்கர் கழுவவும், கண்ணாடித் தகடு துடைக்கவும், செடி பிடுங்கி வரவும் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பாட்டனி சாரைப் பழகத்தான் நாளாயிற்று.

அவர் பெயர் சென்னியப்பன். யாரையும் திட்டியதே இல்லை. அதுதான் தொல்லை. திட்டுகிற ஆளாக இருந்தால் திருப்பித் திட்டலாம். இவர் பத்தாவது படிக்கிற பிள்ளைகளைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தால், “உடைஞ்சு போட்டுதுங்களா அம்மணி? பாவம், அதுக்கு நேரம் வந்துருச்சு” என்று சிரிப்பார். மறுநாள் காலையில் என் மேசையில் மெமோ இருக்கும். மெமோவிலும் ‘அன்புகூர்ந்து விளக்கம் அளிக்கவும்’ என்றுதான் எழுதியிருப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்கேல் வைத்திருப்பார். சாக்பீஸைக்கூட அளந்து பார்த்துத்தான் எடுப்பார்.

இனி கிழங்குக்கு வருகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு பிராக்டிகலில் சவ்வூடு பரவல் என்று ஒரு சோதனை உண்டு. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கிழங்கின் தோலைச் சீவி, அடியைச் சமமாக வெட்டி, நடுவில் குழி தோண்ட வேண்டும். குழியில் பாதி அளவுக்குக் கெட்டியான சர்க்கரைக் கரைசல் ஊற்ற வேண்டும். கரைசல் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு குண்டூசியைக் குத்தி அடையாளம் வைக்க வேண்டும். பிறகு கிழங்கைத் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் நிற்க வைக்க வேண்டும். வெளியே இருக்கிற தண்ணீர் கிழங்கின் சதை வழியாக உள்ளே போகும். குழியில் மட்டம் ஏறி ஊசியைத் தாண்டும். ஏறியதை அளந்து எழுதினால் மார்க்.

இதற்குச் சார் வகுப்பில் ஒரு வாக்கியம் எழுதிப்போடுவார். ‘தாவரத் திசுவின் புறப்பரப்பு அதிகரித்தால் சவ்வூடு பரவலின் வேகமும் அதிகரிக்கும்.’ வாக்கியத்தில் தப்பில்லை. அவர் அதைப் புரிந்துகொண்ட விதத்தில்தான் தப்பு. பரப்பு அதிகம் வேண்டுமென்றால் கிழங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தார். கிழங்கு பெரிதாகப் பெரிதாகச் சதையும் தடிமனாகும், தண்ணீர் நடுக் குழிக்கு வந்து சேர நாளாகும் என்பது அவர் கணக்கில் வரவே இல்லை.

அதற்காக ஒரு இரும்பு வளையம் வைத்திருந்தார். பரீட்சைக்கு முந்தின நாள் அதைக் கொடுத்து என்னை மேட்டுப்பாளையம் கிழங்கு மண்டிக்கு அனுப்புவார். வளையத்துக்குள் நுழைகிற கிழங்கு வேண்டாம், நுழையாததுதான் வேண்டும். நான் மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வளையத்தை மாட்டிப் பார்ப்பேன். மண்டி ஆட்கள் சுற்றி நின்று சிரிப்பார்கள். “ஏனுங்கக்கா, கெழங்குக்கு மோதரம் போட்டுப் பாக்கறீங்களா? கல்யாணம் எப்பங்க?” சிரிப்பதில் நியாயம் இருந்தது.

தோலையும் சார் முழுக்கச் சீவ விடமாட்டார். முழுக்கச் சீவினால் கிழங்கு கறுத்துவிடுமாம், பரீட்சைக்கு வருகிறவர் முகம் சுளிப்பாராம். அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் சீவலாம். குழி கட்டைவிரல் ஆழம். ஆக, தேங்காய் அளவுக் கிழங்கு, அதன் உச்சியில் ஒரு சின்னக் குழி, சுற்றிலும் தோல். இதில் தண்ணீர் எங்கே ஏறும்?

ஏறவில்லை. நான் சேர்ந்த முதல் வருஷம் பதினாறு கிழங்கும் இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தன. சார் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்:

“ஏனுங்க அம்மணி, கெழங்கு இன்னும் மனசு வைக்கலீங்களா?”

“இல்லீங்க சார்.”

“அப்ப நாம மனசு வெச்சரலாமுங்க.”

மேசை டிராயரிலிருந்து மை ஊற்றுகிற ஃபில்லரை எடுத்து என் கையில் வைத்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரை, “டீ ஆறுதுங்க, வாங்க” என்று ஸ்டாஃப் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது திரும்பி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு குண்டூசித் தலை உயரம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பதினொரு மணிக்கு டீயும் பன்னும். பத்து நிமிஷத்தில் நான் பதினாறு கிழங்குக்கும் சர்க்கரைக் கரைசல் ஊற்ற வேண்டும். கிழங்குக்கு எட்டுச் சொட்டு. திரும்பி வரும்போது சார் வராந்தாவில் மூன்று தடவை இருமுவார். பிள்ளைகளுக்கும் எல்லாம் தெரியும். “ஸ்டெல்லாக்கா, எனக்கு ஒரு சொட்டுக் கம்மியா இருக்குதுங்க” என்பான் ஒருத்தன். “கண்ணு, வாயை மூடிட்டு மைக்ராஸ்கோப்புக்குச் செடித் தண்டை அறு” என்பேன். எனக்கு வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், முதல் வருஷம் இருந்தது. இரண்டாம் வருஷத்திலிருந்து சொட்டு எண்ணுவதில்தான் கவனம்.

தொண்ணூற்றேழில் செல்வி என்று ஒரு பெண் படித்தாள். அவள் அம்மா பக்கத்தில் ஒரு ஊறுகாய்க் கம்பெனியில் மாங்காய் வெட்டுகிறவர். செல்விக்குக் கோயமுத்தூரிலேயே விவசாயக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சார் அந்த வாக்கியத்தை எழுதிப்போட்டுப் பெரிய கிழங்கைத் தூக்கிக் காட்டிய அன்றைக்கே எழுந்து நின்றாள்.

“சார், எங்கம்மா கம்பெனில முழு மாங்காயை உப்புல போட்டா தண்ணி உட மூணு நாளாகுமுங்க. கீறிப் போட்டா பொழுது சாயறதுக்குள்ள உட்டுருமுங்க. அப்ப கெழங்கைச் சின்னதா, சுவரு மெல்லிசா அறுத்தாத்தானுங்க சீக்கிரம் ஏறும்?”

சார் சிரித்தார். “அது சமையலுங்க அம்மணி. இது சயின்சுங்க.”

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, உட்கார்ந்தாள்.

அந்த வருஷம் பரீட்சைக்கு வந்தவர் தாராபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காரர். கறாரான ஆள் என்று பேர். அதனால் சார் இன்னும் பெரிய வளையம் ஒன்று செய்ய வைத்தார். மரியாதை குறையக் கூடாதாம்.

காலையில் பதினாறு பேர். எல்லாரும் சார் சொன்னபடியே கிழங்கின் அடியில் கொஞ்சம் தோலைச் சீவி, குழி தோண்டி, ஊசி குத்தி வைத்தார்கள். ஜன்னல் ஓர மேசையில் செல்வி தன் கிழங்கின் தோலை முழுக்கச் சீவினாள். நாலு பக்கமும் வெட்டி வெட்டித் தள்ளினாள். முக்கால் கிழங்கு குப்பைக் கூடைக்குப் போயிற்று. கடைசியில் டீ கிளாஸ் அளவுக்கு ஒரு துண்டு. அதில் ஆழமாகக் குழி தோண்டி, சுவரை மெல்லிசாக்கி, வெளிப்பக்கம் பிளேடால் மேலிருந்து கீழே வரிவரியாக லேசாகக் கீறிவிட்டாள். தேர்வாளர் பக்கத்தில் இருந்ததால் சாரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. என்னிடம் வந்து, “அந்தப் புள்ளை கெழங்கைக் கொன்னு போட்டாளுங்க அம்மணி” என்றார்.

பதினொரு மணிக்கு டீ. அவர்கள் போனதும் நான் ஃபில்லரோடு புறப்பட்டேன். கண் வாசலில், கை கிழங்கில். எட்டுச் சொட்டு, அடுத்தது. எட்டுச் சொட்டு, அடுத்தது. ஜன்னல் ஓரத்தில் செல்வி மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். அவள் கிழங்கிலும் எட்டுச் சொட்டு விட்டேன். விட்ட பிறகுதான் பார்த்தேன். அந்தக் கிழங்கில் கரைசல் தானாகவே ஏறி, ஊசியைத் தாண்டி விளிம்புக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது. ஆறு வருஷத்தில் அந்த லேப்பில் நிஜமாக ஏறிய ஒரே கிழங்கு. அதில் நான் ஊற்றிவிட்டேன். சின்னக் குழி. பொங்கி வழிந்து வெளிப்பக்கம் இறங்கியது.

உறிஞ்சி எடுக்கலாம் என்று குனிந்தேன். வராந்தாவில் மூன்று இருமல்.

தேர்வாளர் ஒவ்வொரு மேசையாக வந்தார். ஊசியைப் பார்த்து, ஸ்கேலை வைத்து, நல்லது, நல்லது என்று பதினைந்து தடவை சொன்னார். பதினாறாவதில் நின்றார். வழிந்ததை விரலால் தொட்டார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“இனிக்குது. ஊத்தியிருக்கறே.”

“நான் ஊத்தலீங்க சார். அதுவாத்தான் ஏறிட்டிருந்துச்சு. பத்தே முக்காலுக்கே ஊசிக்கு மேல வந்துருச்சுங்க, தாள்ல எழுதி வெச்சிருக்கேன் பாருங்க.”

“பதினஞ்சு பேருக்குச் சொல்லி வெச்சாப்ல ரெண்டு ஊசித்தலை ஏறியிருக்குது. உனக்கு மட்டும் மதகு தொறந்தாப்ல வழியுதா?”

அதுதான் அவருக்குச் சாட்சி. பதினைந்து பொய்யும் ஒரே அளவில் இருந்தன. உண்மை மட்டும் அளவு மீறி இருந்தது. பையிலிருந்து முறைகேட்டுப் படிவத்தை எடுத்தார். அதில் பேர் ஏறினால் அந்த வருஷப் பரீட்சையே போயிற்று, கல்லூரியும் போயிற்று. செல்விக்கு அது தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், அழவில்லை. சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உடனே பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. என் சம்பளத்தை நம்பி வீட்டில் ஐந்து பேர். தேர்வாளர் பேனா மூடியைக் கழற்றி, செல்வியின் நம்பரைப் பாதி எழுதுகிற வரைக்கும் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம்தான் வாய் வந்தது.

“சார், ஊத்துனது நானுங்க.”

“இந்தக் கெழங்குக்கா?”

“பதினாறுக்குமுங்க. வருசா வருசம் ஊத்தறேனுங்க.”

சென்னியப்பன் சார்தான் முதலில் பேசினார். “அம்மணிக்கு வெயிலு ஒத்துக்கறதில்லீங்க.”

தேர்வாளர் பேனாவை மூடினார். “ஏம்மா, நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சுன்னா பதினாறு பேருக்கும் பரீட்சை செல்லாது. மேலே எழுதோணும். விசாரணை வரும். நான் சாயந்திரம் தாராபுரம் பஸ் புடிக்கோணும். அதனால எனக்குக் காதுல விழலீங்க.”

சாருக்கு முகம் தெளிந்தது. “அப்பறம் எதுக்குங்க சங்கடம்? அம்மணி, அந்த ஃபில்லரை எடுங்க. எச்சா இருக்கறதை உறிஞ்சிப்போட்டு ரெண்டு ஊசித்தலைக்குக் கொண்டாந்துருங்க. அந்தப் புள்ளையும் எல்லாராட்டவும் இருக்கட்டுமுங்க. மார்க் போட்டறலாம்.”

தேர்வாளரும் தலையாட்டினார்.

இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பொய்க் கிழங்கு பதினைந்து. நிஜக் கிழங்கு ஒன்று. பொய்யைப் பார்த்து நிஜத்தைத் திருத்தச் சொன்னார்கள். அதுவும் ‘ங்க’ போட்டுச் சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஃபில்லரைச் சாரின் சட்டைப் பையிலேயே பீய்ச்சியிருப்பேன். அதற்குள் செல்வி பேசினாள்.

“வேண்டாமுங்க சார். வேற கெழங்கு குடுங்க. உங்க முன்னாலயே மறுபடி செய்யறேன். யாரும் டீக்குப் போகாதீங்க.”

சாருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. “அப்ப நானும் ஒண்ணு வெக்கறேனுங்க. சயின்சு எதுன்னு தெரிஞ்சு போகட்டும்” என்று மிச்சக் கிழங்கில் வளையத்துக்குச் சற்றும் அடங்காத ஒன்றை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் குழி தோண்டினார். செல்வி பழையபடி தோலைச் சீவி, சிறிதாக்கி, கீறி வைத்தாள். இரண்டையும் ஒரே மேசையில் தண்ணீரில் வைத்தோம். மூன்று ஸ்டூல் போட்டு நாங்கள் உட்கார்ந்தோம். அவள் நின்றாள்.

முக்கால் மணி நேரம் படித்தவர்கள் இரண்டு பேரும் நானும் இரண்டு உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் இருமவில்லை. வெளியே அனுப்பப்பட்ட பதினைந்து பேரும் ஜன்னல் கம்பியில் தொங்கினார்கள். “சார் கெழங்குடா!” “செல்வி கெழங்குடா, பந்தயம் ஒரு கடலை மிட்டாய்!” என்று கத்தினார்கள். விரட்ட யாருக்கும் நேரமில்லை. செல்வியின் கிழங்கில் கரைசல் ஊசி மட்டத்திலிருந்து கிளம்பியது, தலையை மூடியது, பிறகு ஊசியே தெரியவில்லை. சாருடைய கிழங்கில் ஊசி வைத்த இடத்தில் மட்டம் வைத்தபடியே நின்றது.

“பெரிய கெழங்குங்க. யோசிச்சுத்தான் ஏறும்” என்றார் சார்.

தேர்வாளர் அந்தப் பெரிய கிழங்கைப் பார்த்தார். மேசைகளில் இருந்த பதினைந்து பெரிய கிழங்குகளையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செல்வியின் தாளை வாங்கி மார்க் போட்டுக் கவிழ்த்து வைத்தார்.

ஆனால் முறைகேட்டுப் படிவத்தில் பாதி நம்பர் எழுதியாயிற்று. அதை அடிக்க ஒரு காரணம் வேண்டும். சார் அழகான கையெழுத்தில் எழுதி நீட்டினார்: ‘ஆய்வக உதவியாளர் மேசையைத் துடைக்கையில் கைதவறிக் கரைசல் சிந்தியது.’

“பதினாறு கெழங்குலயுமா கைதவறுச்சு?” என்று கேட்டேன்.

“ஒண்ணுல மட்டுமுங்க அம்மணி. மத்ததெல்லாம் அதுவா ஏறினதுங்க.”

உண்மையைச் சொன்னேன், காதில் விழவில்லை. பொய்யில் கையெழுத்துப் போட்டால் பெண் தப்பிப்பாள். போட்டேன். இன்றைக்கும் என் பணிப்பதிவேட்டில் ‘மேசை துடைப்பதில் கவனக்குறைவு’ என்று இருக்கிறது.

மத்தியானம் இன்னொரு பதினாறு பேர் வர வேண்டும். சாப்பாட்டு வேளையில் சார் வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஃபில்லரை என் மேசையில் வைத்தார். நான் அதைக் கீழே போட்டு மிதித்தேன். “உடைஞ்சு போட்டுதுங்க சார்” என்றேன். கத்தியை எடுத்து மிச்சம் இருந்த கிழங்குகளை எல்லாம் தோல் சீவி நாலு நாலாக அறுத்துப் போட்டேன். அவர் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மணி, மரியாதை போயிருமுங்க, அம்மணி” என்று பின்னாலேயே வந்தார். நான் நிறுத்தவில்லை.

அன்று மத்தியானம் டீ லேப்புக்கே வந்தது. தேர்வாளர் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. பதினாலு கிழங்கில் மட்டம் ஏறியது. ஒன்றில் ஒரு ஊசித்தலை, ஒன்றில் ஐந்து, இன்னொன்றில் மூன்றரை. அந்த லேப்பில் ஆளுக்கொரு அளவு எழுதியது அன்றைக்குத்தான். இரண்டு பையன்கள் குழியை அடிவரைக்கும் குத்தி ஓட்டை போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு மார்க் குறைந்தது.

திங்கட்கிழமை அதில் ஒருத்தனுடைய அப்பா, சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர், மொபெட்டை நிறுத்திவிட்டு நேராக லேப்புக்கு வந்தார்.

“ஏனுங்க அம்மணி, காத்தால எல்லாத்துக்கும் ஊத்துனீங்களாமா. எம் பையனுக்கு மட்டும் ஊத்தாம உட்டுப்போட்டீங்க. நாங்க உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணுனோம்?”

“உங்க பையன் கெழங்கு ஓட்டைங்க.”

“ஓட்டையா இருந்தா என்னங்க? ரெண்டு சொட்டு எச்சா ஊத்தறது.”

அந்த ஆளிடம் நான் என்ன பேசுவது? சாரைக் கைகாட்டிவிட்டேன். இருவரும் ரொம்ப நேரம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் எனக்கு மெமோ வந்தது. ஃபில்லர் உடைந்ததற்கு. அன்புகூர்ந்து.

ரிசல்ட் வந்து மார்க் ஷீட் கொடுத்த அன்றைக்குச் செல்வி வந்தாள். பிராக்டிகலில் ஐம்பதுக்கு ஐம்பது. அவள் கேட்ட கல்லூரியில் இடம் கிடைக்கிற மார்க். லேப் வாசலில் நின்று தாளைக் காட்டினாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். எனக்கு ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் வேலையைப் பணயம் வைத்துப் பேசினேன் இல்லையா, நன்றி என்று ஒரு வார்த்தை.

“அன்னிக்கு நான் வாயைத் தொறக்கலீன்னா என்ன ஆயிருக்கும் கண்ணு?” என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

அவள் மார்க் ஷீட்டை நாலாக மடித்துக் கவரில் வைத்தாள்.

“நீங்க ஊத்தாம இருந்திருந்தா நான் பன்னெண்டு மணி பஸ்ஸுக்கே ஊட்டுக்குப் போயிருப்பேனுங்க அக்கா” என்றாள். “வாரேனுங்க.”

போய்விட்டாள். அவள் பேச்சில் ஒரு தப்பும் இல்லை.